கடுக்காயும் கையுறையும்



போன ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை விட்ட ஒரு காலை. கள்ளக்குறிச்சியில் எங்கள் தெரு முனைச் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்துவிட்டது. தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் குனிந்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, பிளாஸ்டிக் பையும் தேங்காய் மட்டையுமாக வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். குளிரில் அவர் விரல்கள் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன. கையுறை இல்லாமல் இல்லை. ஒரு ஜோடி அவர் இடுப்பில் செருகியிருந்தது.

"ஏம்மா, கையுறையை இடுப்புல வெச்சுக்கிட்டு வெறுங்கையை விடறியே?" என்றேன்.

"போட்டா தண்ணி உள்ள பூந்து நிக்குதுங்க சார். விரல் பாதிக்கு மேல காலியா ஆடுது. மம்மட்டி பிடிக்க மாட்டேங்குது. மேஸ்திரி வந்தா போட்டுக்குவேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே பதிலை வேறொருவர் சொல்லக் கேட்டவன் நான். கேட்டும் எழுதாமல் விட்டவன். அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஓர் அலுவலகத்தில் இருப்புப் பதிவேடு பார்க்கும் எழுத்தராக இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அதில் இருந்த பலர் இப்போது இல்லை, குறையும் முக்கால் பங்கு என்னுடையது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பக்கம் மழைக்காலத்தில் மண் சரியும். சரிந்த மண்ணையும் கல்லையும் அள்ள மஸ்டர் ரோலில் ஆள் எடுப்பார்கள். பெரும்பாலும் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள்தான் வருவார்கள். கேரளத்து மலையாளிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். இவர்கள் தமிழ் பேசுகிற மலை மக்கள்.

மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது, பணியாளர்களுக்குக் கையுறை வழங்கும்படி. முறைப்படி மூன்று விலைப்புள்ளி வாங்கினோம். குறைந்த விலைப்புள்ளிக்கு ஆர்டர் போட்டோம். வந்து இறங்கியது தோல் கையுறை, எல்லாம் ஒரே அளவு. வெல்டிங் பட்டறையில் போடுவார்களே, அந்த ஜாதி. ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்து, கைநாட்டு வாங்கி, பதிவேட்டில் ஏற்றினேன். கணக்கு சுத்தம்.

கார்த்திகை மழை. முதல் நாள் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். தோல் தண்ணீரைக் குடித்து ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. இரவில் அடுப்போரம் காய வைத்தார்கள். காலையில் கருவாடாக விறைத்து, விரல் மடங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் தம்முடையதை என் மேஜை மேல் கொண்டுவந்து வைத்தார். "சாமி, ஈரத்துக்கு இது ஆவாது. எங்க கையே மேலு" என்றார்.

அவர் சொன்னது ஒரு தொழில்நுட்ப அறிக்கை. அது எனக்குப் புரியவில்லை. பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் நான் எழுதியது இது: 'கையுறை வழங்கப்பட்டது. பணியாளர்கள் அணிவதில்லை.'

பத்து நாள் கழித்து அதே குழுவில் ஓர் இளைஞன் கல் புரட்டும்போது விரல் நசுங்கியது. ஈரத்தில் ஊறிய புண் சீழ் பிடித்து, வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போயிற்று. இழப்பீடு கேட்டு மனு போட்டான். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் அப்போது ஒரு விதிவிலக்கு இருந்தது. பாதுகாப்புக்காகத் தரப்பட்ட சாதனத்தைத் தெரிந்தே வேண்டுமென்று ஒதுக்கியவருக்கு, மரணம் நேராத காயமாக இருந்தால், முதலாளி இழப்பீடு தர வேண்டியிருக்கவில்லை. மனு தள்ளுபடியானது. ஆணையில் ஆதாரமாகக் காட்டியிருந்தது என் நான்கு சொல்லைத்தான். நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஏன் அணியவில்லை என்கிற ஐந்தாவது சொல்லை நான் எழுதவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தோல் கையுறை என் நினைவில் அடிக்கடி வந்து நின்றது. அது எங்கிருந்து வந்தது, ஈரத்தில் ஏன் தோற்றது என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க அந்தக் கதை, சுற்றிச் சுற்றி, எங்கள் மலைக்கே வந்து சேர்ந்தது.

என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பூகோள வகுப்பில் ஊர்ப் பெயரோடு அதன் தொழிலையும் சேர்த்து ஒப்பிக்க வேண்டும். லியோன் என்றால் பட்டு. கிரெனோபிள் என்றால் 'கான்', அதாவது கையுறை. சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்ட, கையுறையைப் பற்றி மனப்பாடம் செய்தோம். எங்கள் தெருவில் யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை.

அந்தக் கிரெனோபிளில் சவியே ழுவேன் என்ற கையுறைக்காரர் 1830களில் ஒரு காரியம் செய்தார். அதுவரை கையுறை குத்துமதிப்பாக வெட்டப்பட்டது. அவர் மருத்துவமனையில் பலருடைய கைகளைப் பார்த்து அளந்து, நீளம் அகலம் வாரியாக வகை பிரித்து, ஒவ்வோர் அளவுக்கும் தோல் வெட்டும் அச்சு செய்தார். கையுறைக்கு நம்பர் என்று ஒன்று வந்தது அந்த வழியில்தான். நம்பர் என்பது உள்ளங்கைச் சுற்றளவு, பிரெஞ்சு அங்குலக் கணக்கில். பிரெஞ்சில் அங்குலத்துக்கு 'பூஸ்' என்று பெயர், ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். பெருவிரலுக்கும் அதே சொல்தான். நம் அங்குலம் என்ற சொல்லும் விரலைக் குறித்த வடசொல்லிலிருந்து வந்ததுதான். சீமாட்டிகளின் மெல்லிய கைக்கு அளவு பார்த்துக் கையுறை செய்து ஏறக்குறைய 150 வருடம் ஆன பிறகு, நான் மலையில் மண் அள்ளும் ஆட்களுக்கு ஒரே அளவில் வாங்கினேன்.

இனி தோல். பச்சைத் தோல் அழுகும். அழுகாமல் இருக்கத் துவர்ப்பு வேண்டும். துவர்ப்புச் சத்து தோலின் புரதத்தோடு பிணைந்து அதை இறுக்கிவிடும். சென்னை மாகாணத்தில் அதற்கு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. முதலில் ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறல், கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முக்கல். கடுக்காய் போட்டால்தான் நிறம் வெளிறி, ஏற்றுமதிக்குத் தகுதியாகும். இந்த முறையைச் சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒழுங்குபடுத்தியவர், எங்கள் புதுச்சேரியோடு தொடர்புடைய தெ சூசா என்ற யூரேசியர் என்று தோல் தொழில் வரலாற்றில் எழுதுகிறார்கள். அப்படிப் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் கப்பல் ஏறி லண்டன் சந்தைக்குப் போயிற்று.

கடுக்காய் மரம் கல்வராயன் காட்டில் உண்டு. மார்கழி தொடங்கி மாசி வரை காய் உதிரும். பனி இறங்கிய புல்லில், விடியற்காலையில், வெறுங்கையால் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கையில் அரிவாள் பட்டால் கை கறுத்துப் போகும். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. நம் முன்னோர் எழுதுமை காய்ச்சியது அந்தக் கணக்கில்தான். சேற்றுப்புண் வந்தால் அதே கடுக்காயை மஞ்சளோடு அரைத்துத் தடவுவார்கள். தோலை இறுக்கும் துவர்ப்பு மனிதத் தோலையும் கொஞ்சம் இறுக்கும். அந்த மலை மக்களுக்கு இருந்த கைக்காப்பு அந்த விழுதும், கந்தல் துணிச் சுற்றும், விளக்கெண்ணெயும்தான்.

என் மேஜையில் கையுறையை வைத்த பெரியவர் ஒருமுறை சொன்னார்: "ஜாகீர் காலத்துல கடுக்காயும் புளியும் பொறுக்கி மூட்டை கட்டிக் குடுப்போம் சாமி. கூலின்னு கேட்டதில்ல." கல்வராயன் மலை சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களாக இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து, 1976இல்தான் ஜாகீர் முறை முடிவுக்கு வந்து அரசு முழுமையாகக் கையேற்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976தான்.

ஆக, மலைக் காட்டில் வெறுங்கையால் பொறுக்கிய காய், யாரோ ஒருவர் கைக்கு உறையாகும் தோலைப் பதப்படுத்தப் போயிற்று. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களும் வெறுங்கை, வெறுங்கால்தான்.

பிறகு குரோம் வந்தது. 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். இன்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் உலகத்துக்கே தோல் பொருள் போகிறது. எனக்கு வந்த கையுறை குரோம் தோல், அதுவும் மேல்தோல் உரித்த பிறகு மிஞ்சும் அடித்தோல். அனல், தீப்பொறி, சொரசொரப்பு இவற்றுக்கு அது உத்தமம். தண்ணீருக்கு ஆகாது. அடித்தோலுக்குத் தண்ணீரைத் தடுக்கும் மேற்பரப்பு இல்லை, பஞ்சாக உறிஞ்சும். நனைந்த தோலை நெருப்பருகே காய வைத்தால் சுருங்கி விறைக்கும். பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொன்னது இதைத்தான்.

ஈரத்துக்கான கையுறை வேறொரு வழியில் பிறந்தது. 1889 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியர் இருந்தார். கிருமி கொல்லும் பாதரசக் கரைசலில் கை நனைத்து நனைத்து அவருக்குத் தோல் வெந்துபோயிற்று. வேலையை விட வேண்டிய நிலை. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி அவர் கைக்கு மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். இன்று நோயாளியைக் காக்கும் கையுறை, முதலில் ஒரு செவிலியரின் கையைக் காக்கச் செய்தது. இதில் நான் கவனித்தது ஒன்றுதான். அந்த அம்மா போட மாட்டேன் என்றாரா என்று யாரும் குறிப்பெழுதவில்லை. கை வெந்ததா, எதனால் வெந்தது, எந்தப் பொருள் தடுக்கும் என்று பார்த்தார்கள்.

நம் சட்டங்கள் கைக்கு வந்து சேர நேரமாயிற்று. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. கையுறையைப் பெயர் சொல்லவில்லை. கொழுந்து பறிப்பது முழுக்கக் கை வேலை என்பதை நினைத்துப் பாருங்கள். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் பாதுகாப்புக் கருவிகளில் கையுறையையும் சேர்த்தன. நல்லதுதான். ஆனால் பட்டியலில் 'கையுறை' என்று ஒரு சொல் இருந்தால் போதாது. எந்தக் கையுறை, எந்த அளவு, எத்தனை ஜோடி என்பதைக் கடைசியில் என்னைப் போல ஓர் எழுத்தர்தான் தீர்மானிக்கிறார். அவர் அதைத் தம் கையில் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆகவே, குளிரிலும் ஈரத்திலும் வேலை செய்பவருக்குக் கையுறை வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். சாக்கடை, நாற்று, மார்கழிப் பனியில் கரும்பு வெட்டு, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது, மாட்டுக்கொட்டகை கழுவுவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு சூட்டைக் கடத்தும். அதனால் நனைந்த கையுறை, கையுறை இல்லாததைவிட மோசமாகவும் ஆகலாம். ஹார்டுவேர் கடையில் தொங்கும் நூல் கையுறைகளில் பெரும்பாலானவை உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசியவை. முதுகுப் பக்கம் வெறும் நூல். பனிப் புல்லுக்கும் கரும்புக்கும் அது போதும், சுணை கிழிக்காது. தண்ணீருக்குள் கைவிடும் வேலைக்கு முழுவதும் ரப்பரில் முக்கியது வேண்டும். முழங்கை வரை நீளம் வேண்டும். குட்டையாக இருந்தால் வாய் வழியே தண்ணீர் புகுந்து உள்ளேயே தங்கும். கை தூக்கி வேலை செய்பவர் வாயை வெளிப்பக்கம் ஒரு மடிப்பு மடித்துவிட்டால், வழியும் நீர் அதில் நிற்கும்.

அளவு முக்கியம். ஒரு நூலை எடுத்து, பெருவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்து, ஸ்கேலில் வையுங்கள். இப்போதைய தொழிற் கையுறைகளில் 7 என்றால் சுமார் 178 மில்லிமீட்டர், 8 என்றால் 203, 9 என்றால் 229. பெண்களில் பலருக்கு 7 போதும். அவர்களுக்குப் பத்தாம் நம்பரைக் கொடுத்துவிட்டு அலட்சியம் என்று எழுதுவது அநியாயம். விரல் நுனி காலியாக இருந்தால் பிடி நழுவும். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து குளிர் கூடும்.

ஜோடி இரண்டு வேண்டும். உள்ளே வேர்வையில் நனையும், அதுவும் குளிரே. ஒன்று காயும்போது மற்றொன்று கையில். உள்புறம் வெளியே வரப் புரட்டிக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். ஒருவருடையதை மற்றவர் போடக் கூடாது. ஊறிய தோல் எளிதில் கிழியும். கிழிந்த வழியில் சாக்கடை நீரிலிருந்து எலிக் காய்ச்சல் கிருமி உள்ளே போகும்.

டீசல், எண்ணெய் புழங்கும் இடத்தில் இயற்கை ரப்பர் உப்பிக் கெட்டுவிடும், நைட்ரைல் தாங்கும். பூச்சிமருந்துக்குத் தோலும் துணியும் ஆகவே ஆகாது. மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கைக்கு ஊட்டும். எந்த ரப்பர் கையுறையும் ஊசியைத் தடுக்காது. வீட்டில் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் நம் வயதுக்காரர்கள், ஊசியைக் குப்பையில் எறியாமல் தனி டப்பாவில் போட்டு மூடிக் கொடுங்கள். கடைசியாக ஒன்று. கரும்பு ஆலை உருளை, தீவனம் வெட்டும் இயந்திரம் போலச் சுழல்வது எதனருகிலும் கையுறை போடவே கூடாது. துணி மாட்டினால் கையும் சேர்ந்து போகும்.

மறுநாள் அந்த அம்மா வந்தபோது நூல் கொண்டு அளந்தேன். ஏழாம் நம்பர். நம் ஊரில் பத்துதான் கிடைத்தது, கடைக்காரரிடம் சொல்லி ஏழில் இரண்டு ஜோடி வரவழைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். "மம்மட்டி நிக்குதுங்க சார். மத்தியானத்துக்கு மேல உள்ள வேர்க்குது, அப்ப மாத்திக்கறேன்" என்றார். அளவு குறித்த ஒரு தாளையும், யாருக்கு என்ன நம்பர் என்று எழுத ஒரு கட்டமும் போட்டு, அவர்களுடைய மேற்பார்வையாளரிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டார். ஆர்டர் போடும் நேரத்தில் மறுபடி போய்க் கேட்க வேண்டும்.

சங்க இலக்கியத்தில் கையுறை என்றால் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் பரிசு. தலைவன் தலைவிக்குத் தழை கொண்டு போவான். அவளுக்கு எது பொருந்தும் என்று பார்த்துத்தான் கொண்டு போயிருப்பான்.

அந்த இளைஞனுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் பணி மாறிய பிறகு அவனைப் பார்க்கவில்லை. இதைப் படிப்பவர்களில் பதிவேடு எழுதியவர்கள் சிலர் இருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளில் இப்போது எழுதுகிறவர்களும் இருப்பார்கள். 'அணிவதில்லை' என்று எழுதும் முன், ஏன் என்று கேட்டு, அந்தப் பதிலையும் அதே வரியில் எழுதச் சொல்லுங்கள்.